டெக்சாஸ் துணை ஆளுநர் தேர்தல்: பிரச்சாரத்தில் முதன்முறையாக இறங்குபவர்களுக்கு

டெக்சாஸில் குடியேறிய நம்மவர்களுக்கு ஆளுநர் பெயர் தெரியும். துணை ஆளுநர், அதாவது லெப்டினன்ட் கவர்னர் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலரும் அப்படித்தான். ஆனால் உங்கள் வீட்டு வரியும் பிள்ளைகளின் பள்ளிக்கு வரும் பணமும் எந்தச் சட்டத்தால் மாறும், அந்தச் சட்டம் அவைக்கு வருமா வராதா என்பதில் ஆளுநரைவிட இவர் கைதான் ஓங்கியிருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்தத் தேர்தலில் வேலை செய்ய ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். வேலை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

முதலில் பதவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதுச்சேரியில் துணைநிலை ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே பார்த்தால் குழப்பம்தான் வரும். டெக்சாஸில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் துணை ஆளுநரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் ஆளுநரோடு சேர்த்து இல்லை, தனியாக. மேரிலாந்தில் ஆளுநரும் துணை ஆளுநரும் ஜோடியாக நிற்பார்கள். ஹைதராபாத்தில் பிறந்த அருணா மில்லர் 2022-இல் அப்படித்தான் வெஸ் மூரோடு சேர்ந்து ஜெயித்தார். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஆளுநர் ஒரு கட்சி, துணை ஆளுநர் இன்னொரு கட்சி என்று அமையவும் சட்டத்தில் இடம் உண்டு.

அவர் செய்வது என்ன? மாநில செனட்டில் 31 உறுப்பினர்கள். அந்த அவையின் தலைமை நாற்காலி துணை ஆளுநருடையது. எந்தக் குழுவில் யார் இருப்பது, யார் தலைவர், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போவது, யாரைப் பேச அழைப்பது, எல்லாம் அவர் முடிவு. பட்ஜெட்டுக்கு அடித்தளம் போடும் லெஜிஸ்லேட்டிவ் பட்ஜெட் போர்டுக்கு அவரும் கீழவை சபாநாயகரும் கூட்டுத் தலைவர்கள். வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள்தான். அந்த 140 நாளுக்குள் ஒரு மசோதாவைக் குழுவிலேயே கிடப்பில் போட்டால் அதன் கதை முடிந்தது. இத்தனைக்கும் ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர். இந்த அதிகாரங்களில் பெரும்பகுதி அரசமைப்புச் சட்டத்தில் இல்லை, ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் செனட்டர்களே ஏற்றுக்கொள்ளும் அவை விதிகளில் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு உதாரணம் போதும். 2023-இல் வீட்டு வரியைக் குறைப்பது என்று எல்லாருக்கும் சம்மதம், எப்படிக் குறைப்பது என்பதில்தான் சண்டை. ஆளுநர் கிரெக் ஆபட்டும் சபாநாயகர் டேட் ஃபீலனும் பள்ளி வரி விகிதத்தைக் குறைக்கலாம் என்றார்கள். துணை ஆளுநர் டான் பாட்ரிக், சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கை, அதாவது பள்ளி வரி போடும்போது வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் தொகையை, உயர்த்தியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு சிறப்புக் கூட்டத்தொடர்கள் கூட்டும் அளவுக்கு இழுத்தது. கடைசியில் இரண்டும் கலந்த ஒப்பந்தம் வந்தது, விலக்கு 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலர் ஆனது. 2025-இல் அது 1,40,000 ஆக உயர்ந்தது. ஃபிரிஸ்கோவிலோ கேட்டியிலோ வீடு வைத்திருப்பவர் தன் வரி பில்லை எடுத்துப் பார்த்தால் இந்தச் சண்டையின் முடிவு அதில் எண்ணாகவே இருக்கும். அந்தப் பிடிவாதம் சரியா தப்பா என்பது உங்கள் கருத்து. ஆனால் இந்த நாற்காலிக்கு எவ்வளவு பலம் என்பதை வாக்காளரிடம் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, ஆளுநர் பதவி காலியானால் இவர்தான் ஆளுநர். ஜார்ஜ் புஷ் 2000 டிசம்பரில் ஜனாதிபதிப் பதவிக்குக் கிளம்பியபோது ரிக் பெர்ரி அப்படித்தான் ஆளுநரானார்.

நீங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

இதை அவசரமில்லாமல் படியுங்கள். ஆர்வக்கோளாறில் இங்கே தவறினால் கிரீன் கார்டும் குடியுரிமையும் சிக்கலாகிவிடும்.

ஓட்டுப் போடுவதும் வாக்காளராகப் பதிவு செய்வதும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. டிரைவிங் லைசன்ஸ் எடுக்கப் போகும்போது வாக்காளர் பதிவு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். குடிமகன் இல்லையென்றால் 'இல்லை' என்று பதில் சொல்லுங்கள், கையெழுத்துப் போடும் முன் படிவத்தை ஒருமுறை சரிபாருங்கள். தெரியாமல் பதிவு செய்துவிட்டேன் என்பது குடியுரிமை நேர்காணலில் எளிதாக எடுபடாது.

நன்கொடையில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் கொடுக்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற வேலை, படிப்பு விசாக்களில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக்கூடாது. இது கூட்டரசுச் சட்டம், மாநிலத் தேர்தலுக்கும் பொருந்தும். வேட்பாளர் பெயர் போட்ட டி-ஷர்ட்டைப் பிரச்சார இணையதளத்தில் வாங்குவதும் நன்கொடைக் கணக்கில்தான் வரும், நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் அப்படியே. மனைவி குடிமகளாக இருந்தால் அவர் தன் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். கணவர் பணத்தை மனைவி பெயரில் கொடுப்பது குற்றம்.

சரி, விசாவில் இருப்பவர் என்ன செய்யலாம்? சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக உழைக்கலாம். கதவு தட்டலாம், போன் பேசலாம், உறையில் துண்டறிக்கை மடித்து வைக்கலாம், கூட்டத்துக்கு நாற்காலி போடலாம். பிரச்சாரப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற முடிவுகளில் மட்டும் தலையிடக்கூடாது. உங்கள் செலவில் வீட்டில் கூட்டம் நடத்துவதையும் தவிர்த்துவிடுங்கள்.

நாள்காட்டி

வேட்புமனு டிசம்பரில் முடிகிறது. உட்கட்சித் தேர்தலான பிரைமரி மார்ச் முதல் செவ்வாய். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்குள் மே மாதம் ரன்ஆஃப். பொதுத்தேர்தல் நவம்பரில், 2026-இல் அது நவம்பர் 3. அதற்கு வாக்காளர் பதிவின் கடைசி நாள் அக்டோபர் 5, முன்கூட்டிய வாக்குப்பதிவு அக்டோபர் 19 முதல் 30 வரை.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, செப்டம்பரில் வந்து கதவைத் தட்டுவது. 2014-இல் பதவியில் இருந்த துணை ஆளுநர் டேவிட் டூஹர்ஸ்ட்டை டான் பாட்ரிக் தோற்கடித்தது நவம்பரில் இல்லை, குடியரசுக் கட்சியின் மே மாத ரன்ஆஃபில். அன்று வாக்களித்தவர்கள் சுமார் 7.5 லட்சம் பேர். மாநிலத்தில் அப்போது பதிவு செய்திருந்த வாக்காளர்கள் 1.3 கோடிக்கும் மேல். மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி 1994-க்குப் பிறகு 2024 வரை வெல்லவில்லை. அப்படியென்றால் அந்தப் பதவி யாருக்கு என்று அந்த மே மாதமே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பிரைமரியில் பத்து வீட்டுக்காரர்களை நீங்கள் வாக்குச்சாவடிக்கு வரவைத்தால், நவம்பரில் நூறு வீட்டைப் பார்த்ததற்குச் சமம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டெக்சாஸில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரியிலும் போய் ஓட்டுப் போடலாம். ஆனால் மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டால் மே ரன்ஆஃபில் மற்றக் கட்சிக்கு மாற முடியாது. யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சிப் பிரைமரிக்கு வந்தீர்கள் என்பது பொதுப் பதிவு. கதவு தட்டுபவர்கள் கையில் இருக்கும் பட்டியல் அதை வைத்துத்தான் தயாராகிறது.

எங்கே போய்ச் சேருவது

வேட்பாளரின் இணையதளத்தில் தன்னார்வலர் படிவம் இருக்கும், நிரப்புங்கள். அதோடு நிற்காதீர்கள். 254 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) உள்ள மாநிலத்தில் துணை ஆளுநர் வேட்பாளரின் பணம் பெரும்பாலும் டிவி விளம்பரத்துக்கும் தபால் துண்டறிக்கைக்கும் போய்விடுகிறது. உங்கள் தெருவுக்கு ஆள் அனுப்ப அவர்களிடம் ஆள் இருக்காது. தெருவில் வேலை நடப்பது கவுண்டிக் கட்சி மூலமாகவும் உள்ளூர்க் கட்சி மன்றங்கள் மூலமாகவும்தான். உங்கள் பிரிசிங்டின் (கவுண்டிக்குள் உள்ள சிறு வாக்குப்பதிவுப் பகுதி) கட்சிப் பொறுப்பாளர், அதாவது பிரிசிங்ட் சேர், யார் என்று கவுண்டிக் கட்சி இணையதளத்தில் பாருங்கள். நம் ஊர் வட்டச் செயலாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் அந்தப் பொறுப்பே காலியாக இருக்கும். குடிமகனாக இருந்தால், ஒரு தேர்தலில் வேலை செய்து முகம் தெரிந்தபின் அதற்கு நீங்களே முன்வரலாம்.

கதவு தட்டும் வேலை

இங்கே இதை 'பிளாக்வாக்' என்பார்கள். சனிக்கிழமை காலை ஒரு பூங்காவிலோ காபிக் கடையிலோ கூடச் சொல்வார்கள். போனில் ஒரு செயலி (ஜனநாயகக் கட்சியினர் 'மினிவேன்' என்ற செயலியைப் பயன்படுத்துகிறார்கள், மற்றவர்களுக்கு வேறு), அதில் உங்கள் தெருவின் வரைபடம், வீட்டு எண், வாக்காளர் பெயர், வயது. எல்லா வீட்டையும் தட்டுவதில்லை, பட்டியலில் இருப்பதை மட்டும். முதல் தடவை தனியாகப் போகாதீர்கள், பழகியவரோடு ஜோடி சேருங்கள். தண்ணீர், தொப்பி, கூடுதல் பேட்டரி கட்டாயம். அக்டோபரிலும் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

அழைப்பு மணியை அடித்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்து நில்லுங்கள், வாசல் கேமராவில் முகம் தெரியும்படி. பேட்ஜ் தெரியட்டும். பெயரைச் சொல்லுங்கள், "நான் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன்" என்று சொல்ல முடிந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்குக் கிடைக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடைக்காது. பிறகு ஒரு கேள்வி கேளுங்கள், வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேளுங்கள். கொள்கை விளக்கச் சொற்பொழிவு வேண்டவே வேண்டாம்.

துணை ஆளுநர் பிரச்சாரத்தில் வாசல் பேச்சின் முழு நோக்கமும் ஒன்றே, வாக்காளரை ஆளுநர் பெயரோடு நின்றுவிடாமல் அடுத்த பெயருக்குக் கொண்டுபோவது. கட்சி மொத்தத்துக்கும் ஒரே சொடுக்கில் ஓட்டுப் போடும் வசதி டெக்சாஸில் 2020-லிருந்து கிடையாது. ஒவ்வொரு பதவியாகத்தான் போடவேண்டும். ஆட்கள் இரண்டு பெயரையும் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு 2018 சாட்சி. ஆளுநர் ஆபட் சுமார் 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாள், அதே கட்சி, துணை ஆளுநர் பாட்ரிக் 5 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். அவருக்கு ஆபட்டைவிடச் சுமார் 4 லட்சம் ஓட்டுக் குறைவு. யாருடைய தன்னார்வலராக இருந்தாலும் அந்த 4 லட்சம் பேர்தான் உங்கள் வேலைக்குக் காரணம்.

நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாசலில் பேச்சு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன்.

"வணக்கம் அங்கிள், நான் பின்னாடித் தெருவில் இருக்கேன். தேர்தல் விஷயமா ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"பாலிடிக்ஸா? நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்."

"பிராப்பர்ட்டி டாக்ஸ் பில் இந்த மாசம் வந்திருக்குமே, பாத்தீங்களா?"

"வந்துச்சு, வந்துச்சு. அதைக் கேக்காதே."

"அதுல ஹோம்ஸ்டெட் விலக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ற இடத்துல இருக்கிறவரைத்தான் அங்கிள் இந்த நவம்பர்ல தேர்ந்தெடுக்கிறோம். ஆளுநர் பேருக்குக் கீழே தனியா வரும்."

இதற்குப் பிறகு அவர் கேட்பார். வரி பில் அக்டோபர் வாக்கில் வீட்டுக்கு வருவது உங்களுக்கு வாய்ப்பு. வரி வேண்டாம் என்றால் பள்ளி. 2025-இல் நிறைவேறிய தனியார் பள்ளி உதவித்தொகைச் சட்டத்துக்குப் பல ஆண்டுகள் முட்டி மோதியது பாட்ரிக் தலைமையிலான செனட்தான். ஆதரவோ எதிர்ப்போ, பிள்ளை பெற்றவர்களுக்கு அதில் கருத்து இருக்கும்.

வாதத்துக்கு இழுப்பவரிடம் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். எதிர்க்கட்சி ஆதரவாளர் என்று செயலியில் குறித்துவிட்டால் அடுத்த ஆள் அங்கே நேரம் செலவழிக்கமாட்டார், அதுவும் பயனுள்ள தகவல்தான். ஆள் இல்லாத வீட்டில் துண்டறிக்கையைக் கதவிடுக்கில் செருகுங்கள். அஞ்சல் பெட்டியில் போடக்கூடாது, தபால்தலை இல்லாமல் அதில் எதைப் போடுவதும் கூட்டரசுச் சட்டப்படி தடை. நாய் குரைத்தால் கேட்டைத் திறக்காதீர்கள்.

போன் பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும் இதன் சுருக்கம்தான். பலன் குறைவு, ஆனால் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் வெயில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஏற்றது.

வீட்டு முன் பிரச்சாரப் பலகை வைக்க வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்ஓஏ விடாது என்று பலர் சொல்வார்கள். தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து 10 நாள் பின்புவரை அவர்கள் தடுக்க முடியாது. ஒரு வேட்பாளருக்கு ஒரு பலகை, தரையில் நட்டதாக, நான்கடிக்கு ஆறடிக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் போடலாம்.

பணம்

டெக்சாஸில் துணை ஆளுநர் வேட்பாளருக்குத் தனிநபர் தரும் நன்கொடைக்கு உச்சவரம்பு இல்லை. அதனால் உங்கள் 25 டாலர் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். கொடுங்கள், அது நன்கொடையாளர் பட்டியலை நீளமாக்குகிறது. ரொக்கமாக 100 டாலருக்கு மேல் கூடாது, நிறுவனத்தின் காசோலை கூடாது. எதிரிக்கு யார் கொடுக்கிறார்கள், உங்கள் ஆளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்பதை டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷன் இணையதளத்தில் யாரும் தேடலாம். தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும் வரும் அறிக்கைகளைத் தவறாமல் பாருங்கள். கதவு தட்டுவதற்கு முன் உங்கள் வேட்பாளரின் பெரிய நன்கொடையாளர்கள் யார் என்று தெரிந்திருப்பது உங்கள் கடமை என்றே சொல்வேன்.

தமிழ்ச் சங்கம், கொலு, வாட்ஸப்

நவராத்திரியும் பிரச்சார உச்சமும் பெரும்பாலும் ஒரே மாதத்தில் வருகின்றன. கொலு பார்க்கப் போன இடத்தில் சுண்டலோடு அரசியலும் பேசப்படும், தப்பே இல்லை. ஆனால் தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் வரிவிலக்கு பெற்ற அமைப்பாக இருந்தால் அவை ஒரு வேட்பாளரை ஆதரிக்கக்கூடாது. சங்க மேடையில், சங்க மின்னஞ்சலில், சங்க வாட்ஸப் குழுவில் பிரச்சாரம் செய்து அவர்களை மாட்டிவிடாதீர்கள். எல்லாக் கட்சி வேட்பாளரையும் அழைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் போடலாம், வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம்.

பதிவு முகாமுக்கு ஒரு விதி. பிறருடைய படிவத்தை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க, கவுண்டியிடம் பயிற்சி எடுத்து தன்னார்வத் துணைப் பதிவாளராக நியமனம் பெறவேண்டும். அதற்குக் குடிமகனாக இருப்பது அவசியம். வாங்கிய படிவத்தை 5 நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும். லைசன்ஸை இணையத்தில் புதுப்பிக்கும் சமயம் தவிர, புதிதாகப் பதிவு செய்யும் படிவத்தை முழுக்க இணையத்திலேயே முடிக்க இங்கே வழியில்லை, கையெழுத்துப் போட்டுத் தாளில் கொடுக்கவேண்டும். இது தெரியாமல் கடைசி வாரம் வரை தள்ளிப்போடும் புதுக் குடிமக்கள்தான் நம்மிடையே அதிகம். குடியுரிமை உறுதிமொழி எடுத்த வாரமே அவர்களைப் பிடியுங்கள்.

வாக்குப்பதிவு நாட்களில்

தமிழ்நாட்டில் வாக்குச்சாவடிக்கு 100 மீட்டர் தள்ளி நின்று பழகியவர்களுக்கு இங்கே 100 அடி. அந்த எல்லைக்குள் பிரச்சாரம் கூடாது, வேட்பாளர் பெயர் போட்ட டி-ஷர்ட்டும் தொப்பியும் கூடாது. வெளியே நின்று வரவேற்று மாதிரி வாக்குச்சீட்டு கொடுக்கலாம். உள்ளே போனை எடுக்கக்கூடாது என்று வருபவர்களிடம் முன்பே சொல்லுங்கள். முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களில் தங்கள் கவுண்டியின் எந்த மையத்திலும் போடலாம். புகைப்பட அடையாளம் வேண்டும். லைசன்ஸ் மறந்துவிட்டால் அமெரிக்க பாஸ்போர்ட்டோ புகைப்படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழோ செல்லும்.

ஆங்கிலம் சரளமாக வராத அப்பா அம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் வாக்குச்சீட்டு ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், வியட்நாமியம், சீன மொழிகளில் கிடைக்கும். தமிழில் இல்லை. ஆனால் உதவிக்கு ஆள் கூட்டிப்போக உரிமை உண்டு. 2014-இல் ஆஸ்டினை ஒட்டிய வில்லியம்சன் கவுண்டியில் வங்காள மொழி பேசும் அம்மா ஒருவர் தன் மகனை மொழிபெயர்க்க அழைத்து வந்தார். மகன் பக்கத்து டிராவிஸ் கவுண்டியில் பதிவு செய்தவர் என்பதால் அனுமதிக்கவில்லை. வழக்கு நடந்து, 2017-இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாநில விதி செல்லாது என்றது. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது வாக்காளரின் உரிமை, வேலை கொடுத்தவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. உதவியாளர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடவேண்டும். இதை அச்சடித்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் யாராவது தயங்கி நின்றால் கைகொடுக்கும்.

65 வயது நிறைந்தவர்கள் தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கலாம். விவரம் சொல்லுங்கள். உங்கள் வீட்டார் அல்லாதவரின் தபால் ஓட்டைக் கையில் வாங்காதீர்கள், கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். நல்ல மனதோடு செய்தாலும் டெக்சாஸ் சட்டத்தில் அது வழக்காகும்.

முடிவு வந்த பிறகு

பத்து நாளுக்குள் பலகைகளைப் பிடுங்குங்கள். ஜனவரியில் புதிய துணை ஆளுநர் பதவியேற்பார், செனட் கூடும். நீங்கள் வாசலில் பேசிய வரியும் பள்ளியும் அங்கே குழுக்களில் விசாரணைக்கு வரும். செனட் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் ஆஸ்டின் கேப்பிட்டலுக்கு நேரில் போய்ப் பெயர் பதிந்து பேசலாம். அங்கே குடியுரிமை கேட்கமாட்டார்கள், எச்-1பி விசாவில் இருப்பவரும் பேசலாம். பேச இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள், ஆகவே எழுதிக்கொண்டு போங்கள். குழு அட்டவணை சட்டமன்ற இணையதளத்தில் வரும். சில நேரம் முந்தின நாள்தான் தெரியவரும் என்பதால் மின்னஞ்சல் அறிவிப்புக்கு இப்போதே பதிந்து வையுங்கள்.